பதுங்குகுழியில் பிறந்த யாப்பு

1956-இல் அமெரிக்காவில் இரண்டு கவிதை நூல்கள் வெளிவந்தன. ஆலன் கின்ஸ்பெர்க்கின் 'ஹவுல்' தளைகளை அறுத்துக்கொண்டு ஓலமிட்டது. ரிச்சர்ட் வில்பரின் 'திங்ஸ் ஆஃப் திஸ் வேர்ல்ட்' அடியும் சீரும் பிசகாமல் நடந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசும் தேசியப் புத்தக விருதும் வில்பருக்கே கிடைத்தன. ஆனால், காலம் கின்ஸ்பெர்க் பக்கம் சாய்ந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே விமர்சகர் ராண்டல் ஜாரெல், வில்பர் எல்லை மீறுவதுமில்லை, போகவேண்டிய தூரம் போவதுமில்லை என்று குறை சொல்லியிருந்தார். ராபர்ட் லோவெல், சில்வியா பிளாத் போன்றோர் தங்கள் மனநோயையும் மணவாழ்வின் முறிவையும் நேரடியாகக் கவிதையில் வைத்தபோது அந்தக் குறை இன்னும் வலுத்தது. கைத்திறன் உண்டு, காயம் இல்லை என்பதே வில்பரைப் பற்றிய பொதுவான பேச்சாயிற்று. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1921-இல் நியூயார்க்கில் பிறந்தவர் அவர். 1942-இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிப் படிப்பை முடித்ததும் ராணுவத்தில் சங்கேதக் குறியீட்டுப் பயிற்சிக்குப் போனார். இடதுசாரிச் சார்பு உள்ளவர் என்ற சந்தேகத்தில் அந்த வேலையிலிருந்து விலக்கப்பட்டு, 36-ஆம் காலாட்படைப் பிரிவுடன் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். இத்தாலியில் கசினோ, ஆன்சியோ. பிறகு தெற்கு பிரான்ஸ். கடைசியில் ஜெர்மனியின் சீக்ஃபிரீட் அரண். பதுங்குகுழிகளில்தான் அவர் கவிதையை முழு மனத்தோடு பற்றிக்கொண்டார். உலகம் கைமீறிப் போகும்போதுதான் தன்னையும் அதையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள ஒருவனுக்குக் கவிதை தேவைப்படுகிறது என்று பின்னாளில் சொன்னார். யாப்பு அவருக்கு அலங்காரமாக வரவில்லை. குண்டுகளுக்கு நடுவே சித்தம் கலங்காமல் இருக்க உதவியதே அதுதான். முதல் தொகுப்பு 1947-இல் வந்தது.

பரிசு பெற்ற நூலின் புகழ்பெற்ற கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பு புனித அகஸ்டினிடமிருந்து வந்தது. காலையில் கொடிக்கயிற்றுக் கப்பியின் கிறீச்சொலியில் ஒருவன் விழிக்கிறான். ஜன்னலுக்கு வெளியே காற்றில் ஆடும் துணிகள் தேவதைகளாகத் தெரிகின்றன. அந்தத் தூய்மையிலேயே தங்கிவிட ஆன்மா ஏங்குகிறது. வில்பர் அதை அங்கே விட்டுவைக்கவில்லை. வெளுத்த துணி திருடனின் முதுகுக்கும் போகட்டும், கரிய அங்கியணிந்த கனத்த கன்னியாஸ்திரீகளும் தடுமாறாமல் நடக்கட்டும் என்று மண்ணுக்கு இறக்குகிறார். போரைப் பார்த்துவிட்டு வந்தவர் இப்படி உலகத்தை ஏற்றுக்கொள்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

விமர்சகர்கள் குறை சொன்னாலும், நாடகமேடை அவரைக் கைவிடவில்லை. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் பன்னிரண்டு அசை ஈரடிகளை ஆங்கிலத்தின் பத்து அசை ஈரடிகளாக்கினார். இயைபைக் கடைசிவரை விடவில்லை. கேட்பவருக்கோ பாத்திரங்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வது போலவே இருக்கும். 'தி மிஸான்த்ரோப்' 1955-இலும் 'டார்ட்யூஃப்' 1963-இலும் வெளியாயின. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த 'காண்டீட்' நாடகத்துக்கும் பாடல்கள் எழுதினார்.

வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். காலத்துக்கேற்ப நடையை மாற்றிக்கொள்ளவில்லை. 1987-இல் ராபர்ட் பென் வாரனுக்கு அடுத்து நாட்டின் அரசவைக் கவிஞர் பொறுப்புக்கு வந்தார். 1989-இல், முதல் புலிட்சருக்கு 32 ஆண்டுகள் கழித்து, இரண்டாவது புலிட்சர் கிடைத்தது. அதற்குள் இளைய தலைமுறையில் ஒரு சாரார் சந்தத்துக்கும் இயைபுக்கும் திரும்பியிருந்தார்கள். அவர்களுக்கு அவர் முன்னோடியானார்.

அவருடைய உச்சம் என்று நான் கருதுவது இரண்டு புலிட்சர்களும் வந்து முடிந்தபின் எழுதிய ஒரு கவிதையை. 1942-இல் மணந்த மனைவி சார்லி 2007-இல் இறந்தார். 2010-இல் வந்த 'ஆன்டிரூம்ஸ்' தொகுப்பில் அவருக்காக எழுதிய 'தி ஹவுஸ்' இருக்கிறது. மனைவி கனவில் மட்டுமே கண்ட ஒரு வெள்ளை வீட்டை வில்பர் இரவுதோறும் தேடிப் போகிறார். அதைக் கண்டடைய முடியும் என்று நம்புவது மடமை என்றும் அவரே சொல்கிறார். மூன்றே பத்திகள், பன்னிரண்டு அடிகள், எல்லாவற்றிலும் இயைபு. போகவேண்டிய தூரம் போகாதவர் என்று சொன்ன ஜாரெல் 1965-இலேயே இறந்துவிட்டார். இன்றைக்கும் அதையே சொல்பவர்கள் இந்தப் பன்னிரண்டு அடிகளை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.