தாய்க்கு கொக்கைன், குட்டிக்கு மூளைக் கோளாறு!

முயல், எலி, குரங்கு சோதனையில் தெரிந்த உண்மை

ஊசி போட்டது தாய் முயலுக்கு. மாட்டிக்கொண்டது வயிற்றில் இருந்த குட்டி!

கொக்கைன் என்ற போதைப்பொருள், கருவில் இருக்கும் குட்டியின் மூளையை என்ன பாடுபடுத்துகிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் ஆராய்ந்து கண்டுபிடித்து இருக்கிறார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரே பீதி!

1985-ம் ஆண்டு சிகாகோ டாக்டர் ஈரா சாஸ்னாப், கொக்கைன் பழக்கம் உள்ள 23 கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். குழந்தைகளுக்கு பாதிப்பு வரலாம் என்று எச்சரித்தார்.

அவ்வளவுதான். அமெரிக்கா முழுவதும் பீதி பரவியது. "இந்தப் பிள்ளைகள் தேறவே தேறாது" என்று பேச்சு கிளம்பியது. "கிராக் பேபி" என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

1989-ல் சார்லஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில், கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்களுக்குத் தெரியாமலே சோதித்து, போலீசுக்குத் தகவல் கொடுக்க ஆரம்பித்தார்கள். 30 பெண்கள் கைது ஆனார்கள்.

மிருகம் எதற்கு?

கொக்கைன் பழக்கம் உள்ள பெண்களில் பலர் சிகரெட்டும் பிடிப்பார்கள்; மதுவும் குடிப்பார்கள். வீட்டில் வறுமை. சரியான சாப்பாடு கிடையாது. குழந்தைக்கு வந்த குறை எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

மிருகத்திடம் இந்தக் குழப்பம் இல்லை. ஒரே தீனி, ஒரே மாதிரி கூண்டு. ஒன்றுக்கு கொக்கைன் ஊசி, இன்னொன்றுக்கு வெறும் உப்புநீர் ஊசி. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

போன் அடிக்குது, ஆள் இல்லை!

விஞ்ஞானி பாட் லெவிட் குழுவினர், சினை முயல்களுக்கு குறைந்த அளவு கொக்கைன் கொடுத்தார்கள். பிறந்த குட்டிகள் பார்க்க கொழுகொழு என்றுதான் இருந்தன. கோளாறு மூளைக்குள்ளே!

டோபமைன் என்பது மூளை செல்கள் பேசிக்கொள்ள உதவும் ரசாயனம். வேலை முடிந்ததும் செல்கள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த வழியை கொக்கைன் அடைத்துவிடுகிறது. நஞ்சுக்கொடியும் அதைத் தடுப்பது இல்லை.

விளைவு? டோபமைன் வந்து தட்டினாலும் செல்லுக்குள் செய்தி போகவில்லை. போன் மணி அடிக்கிறது. எடுத்துப் பேச ஆள் இல்லாத கதைதான். செல்களின் கிளைகளும் அளவுக்கு மீறி நீண்டு கிடந்தன. குட்டி பெரிதான பிறகும் இது மாறவில்லை.

முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். அதில் 16 முதல் 25-வது நாள் வரைதான் ஆபத்தான காலம் என்று 2001-ல் தெரியவந்தது.

சுண்டெலிக் கருவில், மூளையின் மேல்பகுதிக்குப் போகவேண்டிய செல்களின் பயணம் தடைப்பட்டது. மைக்கேல் லிடோவ் ஆராய்ந்த குரங்குக் குட்டிகளின் மூளைப் புறணியில் செல்களின் எண்ணிக்கையே குறைந்து இருந்தது.

மனுஷப் பிள்ளைக்கு?

பிலடெல்பியா டாக்டர் ஹாலம் ஹர்ட் 1989 முதல் 224 குழந்தைகளைச் சேர்த்து, 20 வருடங்களுக்கு மேல் கவனித்து வந்தார். பாதிப் பேர் கொக்கைன் பாதித்தவர்கள். மீதிப் பேர் பாதிக்காதவர்கள். எல்லோரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

4 வயதில் அறிவுத்திறன் சோதனை நடந்தது. கொக்கைன் பாதித்தவர்களின் சராசரி 79. பாதிக்காதவர்களின் சராசரி 81.9. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டுமே சாதாரண அளவைவிட குறைவு!

பிள்ளைகளை அதிகம் அமுக்கியது வறுமைதான் என்பது தெரிந்தது.

அதற்காக கொக்கைன் சாதுவான சரக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கவனம், நடத்தை ஆகியவற்றில் சின்னச் சின்ன குறைகள் வரலாம் என்று வேறு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மிருகங்களின் மூளையில் கண்ட மாற்றமும் பொய் அல்ல. தேறவே தேறாது என்று பிள்ளைக்கு முத்திரை குத்தியதுதான் தப்பு.

சார்லஸ்டன் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. அனுமதி இல்லாமல் இப்படிச் சோதித்து போலீசில் கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2001-ல் தீர்ப்பு ஆனது.

போதைப் பழக்கத்தில் சிக்கிய தாய்க்கு வேண்டியது டாக்டர். பயந்து ஒளிந்துகொண்டால், நஷ்டம் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தான்!