பழைய கார் படுத்தும் பாடு: எந்தப் பழுதை முதலில் கவனிப்பது?

மும்பையில் வாழும் தமிழர்கள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. பொங்கலுக்கோ, ஊர்க் கோவில் கொடைக்கோ, ரெயில் டிக்கெட்டுக்கு அலையாமல் சொந்தக் காரில் குடும்பத்தோடு போய் இறங்க வேண்டும் என்பதே அந்த ஆசை.

புதுக் கார் கைக்கு எட்டாது. எனவே சீட்டுப் பணம், போனஸ், பி.எப். கடன் எல்லாவற்றையும் திரட்டிப் பழைய கார் ஒன்றை வாங்குகிறார்கள். வாங்கிய மறு வாரமே பழுதுகள் தலைகாட்டுகின்றன. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று வருகிறது. கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். அதை எந்தப் பழுதுக்கு முதலில் செலவிடுவது என்பதில்தான் பலர் தவறி விடுகிறார்கள்.

தாராவியில் தோல் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதும் நெல்லைக்காரர் ஒருவருக்கு நேர்ந்தது இது. அவர் வாங்கிய சிறிய கார் 11 வருடம் ஓடியது. ஏ.சி. குளிரவில்லை. சீட் உறை கிழிந்திருந்தது. பெயிண்டு மங்கியிருந்தது. கையில் மிச்சமிருந்த பணத்தை அந்த மூன்றுக்கும் செலவிட்டார். ரேடியேட்டரில் தண்ணீர் அடிக்கடி குறைந்தது. "ஊற்றிக்கொண்டால் போகிறது" என்று விட்டு விட்டார்.

மனைவி, இரண்டு குழந்தைகளுடன் ஊருக்குப் புறப்பட்டார். புனேயைத் தாண்டி, சாத்தாராவுக்கு முன்னால் உள்ள கம்பாட்கி மலைப்பாதையில் ஏறும்போது கார் கொதித்து நின்றது. சூட்டில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்து, காஸ்கெட் எரிந்து போயிற்று. தண்ணீர் கசிந்த ரப்பர் குழாயை முன்பே மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். பல ஆயிரம் ரூபாய்ச் செலவும், குழந்தைகளோடு சாலையோரத்தில் பாதி நாள் காத்திருப்பும் மிஞ்சின.

பழுதுகளுக்கு ஒரு வரிசை உண்டு. உயிருக்கு ஆபத்தானது முதலில். எஞ்சினைக் கெடுப்பது அடுத்து. வசதிக் குறைவு கடைசியில். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், காரும் போகும்.

உயிர் முதலில்

பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகிய மூன்றும் முதல் வாரத்திலேயே சோதிக்கப்பட வேண்டும்.

பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால், எண்ணெய் கசிகிறது அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் மலை இறக்கத்தில் கொதித்தால் மிதி பிடிக்காது. முந்தைய சொந்தக்காரர் அதை எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், உடனே மாற்றி விடுவதே நல்லது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்று இருந்தால், 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் நன்றாக இருந்தாலும், பழைய ரப்பர் வெடித்துக் கீறல் விட்டிருந்தால் நெடுஞ்சாலைக்கு உதவாது.

அடுத்து எஞ்சின்

தண்ணீரும் ஆயிலும்தான் எஞ்சினின் உயிர்நாடி. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டின் அளவையும் பாருங்கள். வாங்கிய முதல் மாதத்தில் இதை நாள்தோறும் செய்ய வேண்டும். அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது அல்லது எரிகிறது. இரவு காரின் அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்தால், கசியும் இடம் காலையில் தெரிந்து விடும்.

ஆயில் மூடியின் உட்பக்கம் பால் கலந்த காப்பிபோல் படிந்திருந்தால் கவனம் தேவை. குறைந்த தூரமே ஓடும் காரில் மழைக்காலத்து ஈரத்தாலும் இப்படிப் படியலாம். ஆனால் ரேடியேட்டர் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

புகையும் சேதி சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். குளிர் நேரத்தில் சிறிது வெள்ளைப் புகை வருவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

வழியில் சூட்டு முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது, இரும்பு வெடிக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

2005 ஜூலை 26-ல் மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. 2015 டிசம்பரில் சென்னை மிதந்தது. இப்படி மூழ்கும் கார்களில் சில, துடைத்து மெருகேற்றப்பட்டு மறுபடி விற்பனைக்கு வருகின்றன. இவற்றில் மின்சாரப் பழுதுகள் தீராது. இன்று விளக்கு, நாளை ஹாரன் என்று மாறி மாறி வந்தால் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா? சீட்டைத் தாங்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா? இருந்தால், ஒவ்வொரு பழுதாகச் செலவு செய்யுமுன் விற்றவரிடம் போவதே முறை.

மெக்கானிக்கிடம்

"எஞ்சினை இறக்க வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்ட வேண்டாம். எல்லா சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பெரிய செலவு இல்லாத சோதனை அது. எந்த சிலிண்டர் பலவீனம் என்று அதில் தெரியும். காரணம் தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது, இருட்டில் கல் எறிவது போன்றது.

செலவு மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். குர்லாவில் பழைய உதிரி பாகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கதவு, கண்ணாடி, விளக்கு போன்றவற்றை அங்கே வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களைப் பழையதாக வாங்கவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனி ஆளிடம் வாங்கிய காரில் பழுது வந்தால், அவர் மறைத்து விற்றார் என்று நிரூபித்து சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் வழி சற்று எளிது. பழுதை விவரித்து முதலில் எழுத்து மூலம் நோட்டீசு கொடுங்கள். மெக்கானிக்கின் அறிக்கையும் பில்லும் கையில் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப் போடக்கூடாது. வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சை மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் பெயரிலேயே பாலிசி கிடந்தால், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இன்சூரன்சு பணம் கிடைப்பது கடினம்.

ஊருக்குப் புறப்படுமுன்

மும்பையிலிருந்து நெல்லைச் சீமைக்கு 1,500 கிலோ மீட்டருக்கு மேல். வாங்கிய புதிதில் அவ்வளவு தூரம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டாம். முதலில் ஊருக்குள் சில நூறு கிலோ மீட்டர் ஓட்டுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லோனாவலா வரை மலையேறி இறங்கிப் பாருங்கள். திரும்பி வந்ததும் தண்ணீர், ஆயில், பிரேக் எண்ணெய் மூன்றையும் அளந்து பாருங்கள். மூன்றும் குறையாமல் இருந்தால் ஊர்ப் பயணத்துக்கு நாள் பார்க்கலாம். குறைந்திருந்தால், இந்த முறையும் ரெயிலிலேயே போய் வாருங்கள். ஏ.சி.யும் சீட் உறையும் அடுத்த போனஸ் வரை காத்திருக்கட்டும்.