லேப்பில் வளர்த்த குட்டி ரத்தக்குழாய்கள்: சுகர் பாதிப்பு பற்றி என்ன சொல்கின்றன?

சுகர் என்று தெரிந்ததுமே கண்ணைப் பரிசோதியுங்கள், சிறுநீர் டெஸ்ட் எடுங்கள், பாதத்தைக் கவனியுங்கள் என்று டாக்டர்கள் சொல்வார்கள். சர்க்கரை இருப்பது ரத்தத்தில்தானே, கண்ணுக்கும் கிட்னிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. இந்த மூன்று இடங்களிலும் அடி வாங்குவது மிகச்சிறிய ரத்தக்குழாய்களான தந்துகிகள். அவற்றை லேப்பிலேயே வளர்த்து, சர்க்கரை அவற்றை எப்படிக் கெடுக்கிறது என்று விஞ்ஞானிகள் நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள்.

தந்துகியின் சுவரில் என்ன இருக்கிறது?

ஒரு தந்துகியின் அகலம் சுமார் 5 முதல் 10 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ரத்தச் சிவப்பணுக்கள் இதற்குள் வரிசையாக, நெருக்கியடித்துக்கொண்டுதான் போக முடியும்.

இதன் உட்புறம் ஒரே ஒரு அடுக்கு எண்டோதீலியல் செல்கள். வெளியே கை விரல்களால் பிடித்ததுபோல சுற்றிக்கொண்டிருப்பவை பெரிசைட் செல்கள். இவற்றோடு ஒட்டி 'அடித்தளச் சவ்வு' என்ற மெல்லிய படலம். குழாய் கசியாமல், குலையாமல் பார்த்துக்கொள்வதில் பெரிசைட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சுகரால் விழித்திரை பாதிக்கப்படும்போது, ஆரம்பத்திலேயே அழியத் தொடங்குபவை இவைதான்.

லேப்பில் எப்படி வளர்த்தார்கள்?

நோயாளியின் கண்ணிலிருந்து தந்துகியை வெட்டி எடுத்து ஆராய முடியாது. எலியின் ரத்தக்குழாயும் மனிதனுடையது போலவே நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

அதனால் ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஜோசஃப் பென்னிங்கர் தலைமையிலான குழு வேறு வழி கண்டுபிடித்தது. எந்த செல்லாகவும் மாறக்கூடிய மனித ஸ்டெம் செல்களை எடுத்து, சரியான நேரத்தில் சரியான வேதி சிக்னல்களைக் கொடுத்தார்கள். அவை எண்டோதீலியல் செல்லாகவும் பெரிசைட்டாகவும் பிரிந்து, தாங்களாகவே பின்னிக்கொண்டு குழாய் வலையமைப்பாக வளர்ந்தன. இதற்குப் பெயர் 'ரத்தக்குழாய் ஆர்கனாய்டு'. எலியின் உடலில் வைத்தபோது, அதன் ரத்த ஓட்டத்தோடும் இணைந்துகொண்டன. 2019-ல் 'நேச்சர்' இதழில் இந்த ஆய்வு வெளியானது.

சர்க்கரை ஊற்றினால் என்ன ஆச்சு?

ஆர்கனாய்டு வளரும் திரவத்தில் அதிக குளுக்கோஸையும், உடலில் அழற்சியை உண்டாக்கும் புரதங்களையும் சேர்த்தார்கள். அடித்தளச் சவ்வு தடித்துவிட்டது. சுகர் நோயாளிகளிடம் காணப்படும் அதே மாற்றம்! சுவர் தடித்தால் ஆக்சிஜனும் சத்தும் திசுக்களுக்குப் போய்ச் சேர்வது கஷ்டம்.

அடுத்து, புழக்கத்தில் உள்ள சுகர் மருந்துகளைச் சோதித்தார்கள். எதுவும் இந்தத் தடிப்பைத் தடுக்கவில்லை. காமா செக்ரிடேஸ் என்ற என்சைமை முடக்கும் ஒரு வேதிப்பொருள் தடுத்தது. பாதிப்பைத் தூண்டுவதில் டிஎல்எல்4, நாட்ச்3 என்ற இரண்டு புரதங்கள் முக்கியமானவை என்பதும் தெரியவந்தது. அண்டை செல்கள் ஒன்றோடொன்று 'பேசிக்கொள்ள' உதவுபவை இவை.

அப்போ மருந்து வந்துவிட்டதா?

இல்லை. காமா செக்ரிடேஸ் உடலில் வேறு பல வேலைகளுக்கும் தேவை. இதே வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை, அவர்களின் நிலை மோசமானதால் 2010-ல் நிறுத்தப்பட்டது. தவிர, தட்டில் வளரும் ஆர்கனாய்டுக்கு இதயமும் இல்லை, பாயும் ரத்தமும் இல்லை. மனித உடலில் பல வருஷம் நடக்கும் பாதிப்பை அது சில வாரங்களில் காட்டும் மாதிரி மட்டுமே.

ஆனாலும் பயன் நிஜம். கொரோனா வைரஸ் மனித ரத்தக்குழாயை நேரடியாகத் தாக்கும் என்பதை 2020-ல் இதே ஆர்கனாய்டுகள் காட்டின.

சுகர் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடவே கூடாது! அந்த மாத்திரைகளின் வேலை ரத்தச் சர்க்கரையைக் குறைப்பது. அதைக் கட்டுக்குள் வைத்தாலே குழாய்களுக்கு வரும் ஆபத்து குறையும். 1998-ல் வெளியான பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில், சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு சிறு ரத்தக்குழாய் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன.

தடித்துப்போன சுவரைச் சரிசெய்யும் மருந்து வரும்வரை, தடிக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கும் வழி. பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். விழித்திரையில் பாதிப்பு தொடங்கும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது.