நெறிக்கட்டியும் ஓர் அத்தாட்சியே!

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின், ஒருவர் தயங்கியபடி என்னிடம் வந்தார். அவருடைய மகளுக்குக் கழுத்தில் வலியில்லாத கட்டி ஒன்று ஒரு மாதத்திற்கும் மேலாக இருந்தது. "ஹஜ்ரத், ஓதிப் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள். சானடோரியத்திற்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனது தெரிந்தால் பிள்ளையின் நிகாஹ் பேச்சு நின்றுவிடும்" என்றார். நான் ஓதிக் கொடுத்தேன். பிறகு, "ஓதியது துஆ, இனிச் செய்ய வேண்டியது மருத்துவம். நோயைத் தந்தவன் மருந்தையும் படைத்திருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தக் கட்டி என்ன என்பதை அறிந்திருந்தால் அந்தத் தந்தை இவ்வளவு அஞ்சியிருக்க மாட்டார். மனிதன் தன்னுள்ளே இருக்கும் அத்தாட்சிகளைச் சிந்திக்க வேண்டும் என்பதை அத்தாரியாத் அத்தியாயத்தின் 21ஆம் வசனம் நமக்கு நினைவூட்டுகிறது. அந்த அத்தாட்சிகளுள் ஒன்றை இன்று பார்ப்போம்.

நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கறிவர். புண் காலில், வீக்கம் இடுக்கில். காரணம் என்ன?

நம் உடலில் இரத்தக் குழாய்களைத் தவிர இன்னொரு குழாய் வலையும் உண்டு. இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் பெரும்பகுதி மீண்டும் குழாய்களுக்கே திரும்பிவிடுகிறது. திசுக்களிடையே எஞ்சுவதை மெல்லிய குழாய்கள் சேகரிக்கின்றன. அதுவே நிணநீர். கழுத்தின் அடியில், காறை எலும்பின் பின்னால் அது மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தைச் செலுத்த இதயம் இருப்பது போல நிணநீரைச் செலுத்தத் தனி உறுப்பு எதுவும் இல்லை. குழாய்ச் சுவர்களின் சுருக்கமும், தசைகளின் அசைவும், மூச்சின் ஏற்ற இறக்கமும் அதனை நகர்த்துகின்றன. உள்ளிருக்கும் சிறு வால்வுகள் அது பின்னோக்கிப் பாயாமல் தடுக்கின்றன. யானைக்கால் நோயின் புழுக்கள் இந்தக் குழாய்களில்தான் குடியேறுகின்றன. பாதை கெடுவதால் நீர் தேங்கிக் கால் வீங்குகிறது.

இந்தப் பாதையில் ஆங்காங்கே அவரை விதை போன்ற நிணநீர்க் கணுக்கள் அமைந்துள்ளன. உடல் முழுவதும் சுமார் 600 கணுக்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் இவை கூட்டமாக உள்ளன. புண்ணிலிருந்து வரும் கிருமிகள் இங்கே தடுத்து நிறுத்தப்படுகின்றன. அவற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இங்கே பெருகுகின்றன. நெறி கட்டுவது அந்தப் பெருக்கத்தினால்தான்.

காவலர்கள் உருவாகும் இடம்

இந்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. சில கிருமிகளைக் கண்டவுடன் விழுங்குபவை. பி அணுக்கள் பிறபொருளெதிரிகளை உண்டாக்குபவை. டி அணுக்கள் நெஞ்செலும்பின் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குச் சென்று முதிர்கின்றன. அங்கே அவற்றுக்கு ஒரு கடுமையான தேர்வு நடக்கிறது. சொந்த உடலையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. தேறி வெளிவருபவை மிகச் சிலவே. இடப்பக்க விலா எலும்புகளின் கீழுள்ள மண்ணீரல் இரத்தத்தை வடிகட்டி, மூப்படைந்த சிவப்பணுக்களை அகற்றுகிறது, கிருமிகளையும் பிடிக்கிறது. ஒருமுறை எதிர்த்த கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும் அணுக்கள் பல்லாண்டுகள் வாழ்கின்றன. தடுப்பூசி பயனளிப்பது இந்த நினைவினால்தான். அல்லாஹ்வின் ஹிக்மத்தை என்னென்பது!

சானடோரியம் சொல்லும் பாடம்

நாம் மின்சார ரயிலில் அன்றாடம் கடந்து செல்லும் தாம்பரம் சானடோரியம், 1928இல் டாக்டர் சௌரி முத்து அவர்கள் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய நிலையமாகும். 1937இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

காசநோய்க் கிருமி நுழைந்தவுடன் எல்லோரும் நோயாளியாகிவிடுவதில்லை. விழுங்கும் அணுக்களும் டி அணுக்களும் சேர்ந்து கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பிச் சிறை வைக்கின்றன. பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுவதும் உறங்கியே கிடக்கும். எதிர்ப்பாற்றல் குன்றும்போது சிறை உடைகிறது. நுரையீரலில் உடைந்தால் இருமல். கழுத்துக் கணுவில் உடைந்தால் கட்டி.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் நம் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலா அவர்களும் அதனைக் கண்டறிந்தனர். மற்ற காவலணுக்களுக்கு வழிகாட்டும் சி.டி.4 எனும் டி அணுக்களையே அந்தக் கிருமி அழிக்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500க்கும் மேல் இருக்க வேண்டியவை 200க்கும் கீழே இறங்கும்போது, உறங்கிய காசநோய் உள்ளிட்ட பல நோய்கள் தலைதூக்குகின்றன. இவ்விரு நோயாளிகளையும் அரவணைத்த இடம் தாம்பரம். 2004 ஏப்ரலில் மத்திய அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதல் மையங்களுள் ஒன்றாக இம்மருத்துவமனையும் இருந்தது. மருந்தை ஒழுங்காக உட்கொள்வோருக்குச் சி.டி.4 மீண்டும் உயர்கிறது. அவர்கள் நெடுநாள் வாழ்கின்றனர்.

அச்சம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

சகோதரர்களே! முஸாஃபஹா செய்வதாலோ, ஒரே சஹனில் உண்பதாலோ, ஒரே ஹவ்ளில் ஒளூ செய்வதாலோ, ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதாலோ எச்.ஐ.வி. பரவாது. அந்நோயில் இறந்தவரின் மய்யித்தைக் கையுறை முதலான பாதுகாப்புடன் குளிப்பாட்டலாம். அதற்குத் தயங்குவது நம் கடமையில் நாம் செய்யும் குறை. அந்நோயாளிகளை வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

காசநோய் காற்றின் வழியே பரவுவது நுரையீரலில் இருக்கும்போதுதான். கழுத்துக் கணுவில் மட்டும் இருந்தால் பிறருக்குத் தொற்றாது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்ததை 1959இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. மருந்து தொடங்கிய நோயாளியோடு வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடவில்லை என்பதையும் நிறுவியது.

எனவே, இரண்டு வாரங்களுக்கு மேல் கட்டியோ இருமலோ நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2024 நவம்பர் முதல் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாயும் தரப்படுகிறது. பெரும்பாலோர்க்கு ஆறு மாத மருந்து. கட்டி கரைந்துவிட்டதென்று இடையில் நிறுத்தாதீர்கள். மிச்சமிருக்கும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். சிலருக்கு மருந்துண்ணும்போதே கட்டி சற்றுப் பெருக்கும். அதற்காக அஞ்சி மருந்தை விடாமல், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பிள்ளைக்கும் இப்படித்தான் நடந்தது. இரண்டாம் மாதம் கட்டி பெருத்ததும் தந்தை மருந்தை நிறுத்தப் பார்த்தார். தாயோ உறுதியாக நின்று ஆறு மாதமும் கொடுத்து முடித்தார். அல்ஹம்துலில்லாஹ், குணமாயிற்று. பின்னர் பெண் கேட்டு வந்தவர்களிடம் அந்தத் தாயே நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஒரு வீட்டார் போய்விட்டனர். அடுத்து வந்தவர்கள் நிகாஹ் முடித்தனர். மறைத்துக் கட்டும் உறவில் பரக்கத் இல்லை. குணமான நோயைக் குறையாகப் பேசுவதில் நீதியும் இல்லை.

முஃமின்களை ஓர் உடலுக்கு ஒப்பிட்டு, ஓர் உறுப்பு நோயுற்றால் உடல் முழுவதும் உறக்கமின்றிக் காய்ச்சலால் துன்புறும் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த உவமையின் உண்மையை நம் நிணநீர்க் கணுக்கள் நாள்தோறும் காட்டுகின்றன. காலில் தைத்த முள்ளுக்காக இடுக்கிலுள்ள கணு வீங்குகிறது. நம் மஹல்லாவில் ஒரு வீடு நோயுறும்போது நாம் விலகி நிற்கிறோமா, விரைந்து செல்கிறோமா?

வல்ல அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் முழுமையான ஷிஃபாவையும், நமக்கு அவர்களை அரவணைக்கும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.