வகுப்பறையில் ஒரு பொந்து

ஆசிரியர் தினமாக நாம் கொண்டாடும் செப்டம்பர் 5, திருத்தணி தந்த ராதாகிருஷ்ணனின் ஜன்ம தினம். அத்தகைய மலையடிவார ஊர்களிலே குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது உபாத்தியாயர் எப்படி என்று விசாரிக்கிறோம். வகுப்பறைத் தரை எப்படி என்று விசாரிப்பதுண்டா?

கேரளத்துச் சுல்தான் பத்தேரியில், 2019 நவம்பரில், வகுப்பறைப் பொந்திலிருந்த பாம்பு தீண்டிப் பத்து வயதுச் சிறுமி மாண்டாள். ஒரு சட்டிச் சிமெண்டில் அடைபட்டிருக்கக்கூடிய பொந்து!

சிந்திய சோற்றை எலி தேடும். எலியைப் பாம்பு தேடும். ஆகையால் பொந்தடைப்பும் துப்புரவுமே முதற்காரியம். விஷ மருந்தென்றாலோ இரட்டை ஜாக்கிரதை வேண்டும். பீஹாரின் சாரண் ஜில்லாவில், 2013 ஜூலையில், பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளி உணவு 23 குழந்தைகளைக் கொன்றது.

பொந்து அடைத்தாயிற்றா, மருந்துப் புட்டி எங்கே இருக்கிறது என்று பெற்றோர் கேட்கட்டும். தலைமை உபாத்தியாயர் கோபித்துக்கொண்டால், மறுநாளும் போய்க் கேட்கட்டும்.