மூழ்கி எழும் சிறு கலம்

குளத்தில் ஒரு கல்லை இட்டால் அமிழ்கின்றது. ஒரு மரக்கட்டையை இட்டால் மிதக்கின்றது. கல் மிதக்க வேண்டுமென்றோ, கட்டை அமிழ வேண்டுமென்றோ நாம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நீர்மூழ்கிக் கப்பல் வேண்டும்போது கல்லின் இயல்பையும், வேண்டும்போது கட்டையின் இயல்பையும் மேற்கொள்ளுகின்றது. இவ்விரு இயல்புகளும் ஒரே கலத்தில் அமைவது எங்ஙனம் என்பதை நூல்களில் படித்து அறியலாம். கையால் செய்து அறிய விரும்பும் மாணவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாதிரி நீர்மூழ்கி ஒன்றை வாங்கி, அதைக் கரையில் நின்றவாறே ரேடியோவினால் இயக்கத்தக்க மெய்யான நீர்மூழ்கியாக மாற்றுவதே அவ்வழி. அம்மாற்றத்தைப் பற்றியும், அதில் எழும் ஒரு பெரிய வினாவைப் பற்றியும் இங்கே ஆராய்வோம்.

ரேடியோ அலையினால் கலத்தைச் செலுத்தும் எண்ணம் புதியதன்று. 1898-ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர், நியூயார்க் நகரின் மாடிஸன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில், ஒரு சிறு படகைக் கம்பித் தொடர்பு ஏதுமின்றி இயக்கிக் காட்டினார். பார்த்தோர் வியப்பில் ஆழ்ந்தனர். ஆயினும் அப்படகு நீரின் மேலேயே மிதந்தது. அவர் விடுத்த ஆணை காற்றின் வழியே சென்று அதனைத் தடையின்றி எட்டிற்று. நீர்மூழ்கியின் நிலை வேறு. அது அமிழ்ந்த கணத்திலேயே, அதற்கும் நமக்கும் இடையே நீர் என்னும் திரை விழுந்துவிடுகின்றது. ஆணை எட்டாத இடத்தில் இருக்கும் கலம் எவ்வாறு மீளும்? இதுவே நாம் விடை காண வேண்டிய வினா.

விளக்கத்திற்காகக் குறிப்பிட்ட ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனி பயன்படுத்திய ஏழாம் வகை ‘ஸி’ நீர்மூழ்கியை, ரெவெல் என்னும் நிறுவனம் 72-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் உறுப்புத் தொகுதியாக வெளியிட்டது. ஏழாம் வகைக் கப்பல்கள் ஏறத்தாழ 700 கட்டப்பட்டன. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பது யு-995 என்னும் ஒன்றே. அது கீல் நகருக்கு அருகேயுள்ள லாபே என்னும் கடற்கரை ஊரில் காட்சிப்பொருளாக நிற்கின்றது. அந்நாளில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் சென்ற வீரருள் பெரும்பாலோர் கரை மீளவில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மெய்க் கப்பலின் நீளம் 67 மீட்டர். மாதிரியின் நீளம் 93 சென்டிமீட்டர். நீளம் 72-இல் ஒரு பங்கானால் எடையும் 72-இல் ஒரு பங்காகும் என்று எண்ணுதல் கூடாது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுமே 72 மடங்கு குறைவதால், கன அளவு 72-இன் மும்மடிப் பெருக்கமாகிய 3,73,248 மடங்கு குறைகின்றது. மெய்க் கப்பல் நீரின்மேல் மிதக்கும்போது 769 டன் நீரை விலக்குகின்றது. அமிழ்ந்தபோது 871 டன் நீரை விலக்குகின்றது. இவற்றை மேற்கூறிய எண்ணால் வகுத்தால், 2 கிலோகிராமுக்குச் சற்று மிகுதியும், 2.33 கிலோகிராமும் கிடைக்கின்றன. 102 டன் என்னும் பெரிய வேறுபாடு, மாதிரியில் 273 கிராம் ஆகிச் சுருங்குகின்றது. ஒரு குவளைத் தண்ணீர் அளவே அது! அக்குவளை நீரை உள்ளே வாங்குவதும் வெளியே தள்ளுவதும்தான் மூழ்குவதும் எழுவதும் ஆகும்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகின்றது என்னும் ஆர்க்கிமிடீஸின் விதியை நீங்கள் அறிவீர்கள். அவ்விதிதான் இங்கு ஆட்சி செய்கின்றது. கலத்தின் உருவை மாற்றாமலே அதன் எடையை மாற்றினால், அது மேலும் கீழும் இயங்கும்.

இனி வேலையைத் தொடங்குவோம். பிளாஸ்டிக் உடலை முற்றிலும் மூடி ஒட்டி, உள்ளே நீர் புகாமல் காப்பதே முறை என்று முதலில் தோன்றும். அது தவறான வழி. அவ்வளவு பெரிய வெற்றிடத்தை அமிழ்த்துவதற்கு மிகுந்த எடை தேவைப்படும். மேலும் நீண்ட ஒட்டுவாயில் ஏதேனும் ஓரிடத்தில் நீர் கசியாமல் இராது. ஆதலின் அனுபவமுடையோர் உடலினுள் நீரைத் தாராளமாகப் புக விடுகின்றனர். மேல்தளத்திலும் அடிப்பகுதியிலும் துளைகளைத் திறந்து வைக்கின்றனர். அமிழும்போது உள்ளிருக்கும் காற்று மேல் துளைகளின் வழியே வெளியேற, கீழ்த் துளைகளின் வழியே நீர் நிறைகின்றது. அழகுக்காக அமைந்தவை போலத் தோன்றும் பக்கத் துளைகள் மெய்க் கப்பலிலும் இத்தொழிலையே செய்தன. உடலின் மேற்பகுதியைக் கழற்றி மாட்டத்தக்கவாறு அமைத்துக்கொள்வதும் இன்றியமையாதது. பழுது பார்க்கக் கை நுழைய வேண்டுமன்றோ?

நனையக் கூடாத பொருள்கள் யாவும், தெளிந்த பிளாஸ்டிக் குழாயினால் செய்த நீர்புகா உருளை ஒன்றினுள் அடங்குகின்றன. மின்கலம், மோட்டார், ரேடியோ ஆணையை வாங்கும் கருவி, சுக்கான்களைத் திருப்பும் ஸர்வோ என்னும் சிறு இயந்திரங்கள் ஆகியவை அதனுள் இருக்கும். உருளையின் இரு முனைகளையும் ரப்பர் வளையம் பதித்த மூடிகள் அடைக்கின்றன. நீரின் அழுத்தத்தை எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஒரு மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 100 கிராம் எடை அழுத்துகின்றது. எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்டிமீட்டர். எனவே அதன் மீது 5 கிலோகிராம் எடை அழுத்தும். மிதிவண்டி ட்யூபில் ஓட்டை காண்பவர் செய்வது போல, உருளையினுள் சிறிது காற்றை ஊதி நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகின்றதா என்று பார்ப்பதே நல்ல சோதனை.

உருளையின் நடுவில் நீர்ச்சுமைத் தொட்டி அமைகின்றது. நடுவில் அமைப்பதற்குக் காரணம் உண்டு. முன்னோ பின்னோ அமைத்தால், நீர் நிறையும்போது கலம் மூக்கையோ வாலையோ தாழ்த்திக்கொள்ளும். தொட்டியை நிரப்பவும் ஒழிக்கவும் பல முறைகள் உள்ளன. மருத்துவர் கையாளும் ஊசிக்குழலைப் போன்றதொரு குழாயினுள், திருகாணியால் இயங்கும் அடைப்பானை மோட்டார் முன்னும் பின்னும் நகர்த்துவது ஒரு முறை. வேண்டிய அளவில் நிறுத்தலாம் என்பது இதன் சிறப்பு. பம்பினால் நீரை ஏற்றி இறக்குவது மற்றொரு முறை. அடைத்து வைத்த வாயுவைத் திறந்துவிட்டு நீரை வெளியே தள்ளுவது மூன்றாவது முறை. உடலினுள் நீர் புகுந்து நிற்பதால், நீர்மட்டத்திற்கு மேல் நிற்கும் பிளாஸ்டிக்கும் பிற உறுப்புகளும் தாமாக அடைத்துக்கொள்ளும் கன அளவுக்கு ஈடாக நீர் வாங்கினால் போதும். ஆகவே முன்னர்க் கண்ட 273 கிராமினும் குறைந்த நீரே மாதிரிக்குப் போதுமானதாக இருக்கலாம்.

அடுத்தது சமன் செய்தல். கனமான மின்கலத்தையும் ஈயத் துண்டுகளையும் அடியில் வைக்க வேண்டும். மிதப்புத் தரும் நுரைப் பிளாஸ்டிக்கை அவற்றுக்கு மேலே, ஆனால் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். அடி கனத்தும் மேல் இலேசாகவும் இருந்தால், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை சாய்த்தாலும் நிமிர்வது போலக் கலமும் நிமிரும். இவ்வேலையில் பொறுமை மிக வேண்டும். சில கிராம் ஈயத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்துவதே கலத்தின் நடையை மாற்றிவிடும்.

இங்கே மாணவர்கள் ஊன்றி நோக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. வானில் ஏறும் பலூன், மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால், ஓர் உயரத்தை அடைந்து நின்றுவிடக் கூடும். நீர்மூழ்கி அவ்வாறு ஓர் ஆழத்தில் தானே நிற்பதில்லை. ஏனெனில் நீரின் அடர்த்தி ஆழத்தோடு பெரிதும் மாறுவதில்லை. கலம் நீரைவிட ஒரு கிராம் மிகுந்திருந்தாலும் மெல்ல மெல்ல அடிவரை சென்றே தீரும். போதாக்குறைக்கு, உள்ளே எங்கேனும் தங்கிவிட்ட காற்றுக் குமிழி ஆழத்தின் அழுத்தத்தால் சுருங்கும். விலக்கும் நீர் குறையும். அமிழ்தல் மேலும் விரையும்.

ஆதலின் அறிவுடைய கைவினைஞர் கலத்தை முற்றும் அமிழ்ந்துபோகும் எடைக்குக் கொண்டுவருவதில்லை. தொட்டி நிறைந்த பின்னும் ஒரு பத்துக் கிராம் மிதப்பை எஞ்ச வைக்கின்றனர். அப்போது கோபுரத்தின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும். பிறகு மோட்டாரை ஓட்டி, கிடைச் சுக்கான்களைச் சாய்த்தால், முன்னோக்கிய ஓட்டமே கலத்தைக் கீழே அழுத்தி இறக்குகின்றது. ஓட்டம் நின்றால் சுக்கானின் ஆட்சியும் நின்றுவிடும்; எஞ்சியிருந்த பத்துக் கிராம் மிதப்பு கலத்தை மெல்ல மேலே கொணரும். மோட்டார் நின்றாலும், மின்கலம் ஓய்ந்தாலும், கலம் எழுவதையே தன் இயல்பாகக் கொள்ளும்.

இனி ரேடியோவிற்கு வருவோம். கரையிலுள்ள கருவியில் நாம் ஒரு கோலை அசைக்கின்றோம். அதன் நிலை அலையில் ஏறிச் சென்று, கலத்திலுள்ள ஸர்வோவை ஒரு நொடியில் ஏறத்தாழ 50 முறை மின் துடிப்பாக அடைகின்றது. துடிப்பு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீடித்தால் சுக்கான் நேரே நிற்கும். ஒரு பங்கானால் ஒருபுறமும், இரண்டு பங்கானால் மறுபுறமும் திரும்பும். இவ்வளவு நுண்ணிய ஆணை நீருக்குள் செல்லுமா?

அது அலையின் நீளத்தையும் நீரின் தன்மையையும் பொறுத்தது. இக்காலத்து விளையாட்டு விமானங்களையும் கார்களையும் இயக்கும் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வேலை செய்கின்றன. அவ்வலையின் நீளம் 12.5 சென்டிமீட்டரே, நீர் அதனை விரைவில் விழுங்கிவிடுகின்றது. பழைய கருவிகள் பயன்படுத்திய 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அது நன்னீரில் ஓரளவு ஆழம் செல்லும். ஆகவேதான் நீர்மூழ்கி மாதிரி செய்வோர் அவ்வகைத் தாழ்ந்த அதிர்வெண்களை விரும்புகின்றனர். எந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்தலாம் என்பதை அவரவர் நாட்டுச் சட்டப்படி அறிந்துகொள்ள வேண்டும். கடல்நீரிலோ அதுவும் பயன்படாது. கரைந்த உப்பினால் கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துகின்றது. அலை தன் ஆற்றலை அதில் மின்னோட்டமாக இழந்து, சில சென்டிமீட்டருக்குள்ளேயே நலிந்துவிடுகின்றது. எனவே மாதிரிக் கலத்திற்கு ஏற்றது தெளிந்த குளமே, கடல் அன்று.

நன்னீரிலும் ஆணை அறுந்துபோகக் கூடும். அந்நேரத்திற்கென்றே ஒரு காவற்கருவி வைக்கப்படுகின்றது. ரேடியோ ஆணை வந்துகொண்டே இருக்கின்றதா என்று அது ஓயாமல் கவனிக்கும். சில நொடிகள் ஆணை வரவில்லையென்றால், எவரையும் கேளாமல் தொட்டியிலுள்ள நீரை வெளியேற்றிவிடும். மின்கலம் தளர்ந்தாலும், உருளையினுள் ஈரம் தென்பட்டாலும் அவ்வாறே செய்யும்படி அமைப்பதுண்டு. அடைப்பானை நகர்த்துவதற்கும் மின்சாரம் வேண்டுமாதலால், மின்கலம் முற்றும் ஓயும் முன்பே இது நிகழவேண்டும் என்பதை மறத்தலாகாது. ஆணை கிடைக்காதபோது என்ன செய்வது என்னும் ஆணையை, புறப்படும் முன்பே கலத்திற்குக் கொடுத்து வைக்கின்றோம் என்று கூறலாம்.

பெரிய கடற்படைகளும் இதே இடர்ப்பாட்டை எதிர்கொள்ளுகின்றன. அவை நாடும் வழி மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணுடைய அலைகளாகும். பல கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வலைகள் கடல்நீரிலும் சில மீட்டர் ஆழம் ஊடுருவ வல்லவை. நம் தமிழ்நாட்டில், திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில், 1990-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படை நிலையம் இத்தகைய அலைகளை அனுப்புகின்றது. அதன் ஏரியல் கோபுரங்கள் வானளாவி நிற்கின்றன. அத்துணைப் பெரிய ஏரியலை நீர்மூழ்கி சுமந்து செல்ல இயலாது. ஆதலின் ஆழத்தில் உள்ள கப்பல் செய்தியைக் கேட்க முடியுமேயன்றி, அதே வழியில் மறுமொழி கூற முடியாது. மற்ற நேரங்களில், புறப்படும் முன் பெற்ற கட்டளைகளும் தலைவனின் தெளிந்த அறிவுமே அதற்குத் துணை.

ஒரு பிளாஸ்டிக் மாதிரியைத் திருத்தி அமைக்கும் மாணவன் பெறும் பயிற்சி சிறியதன்று. கன அளவின் கணக்கு, மிதப்பின் விதி, அழுத்தம், மின்னோட்டம், அலைகளின் இயல்பு ஆகியவை தனித்தனிப் பாடங்களாக இராமல், ஒரே உருளைக்குள் கூடி வேலை செய்வதை அவன் காண்கின்றான். முதல் சோதனையைக் குளத்தில் அன்றி, வீட்டுத் தொட்டியில் கை எட்டும் ஆழத்தில் செய்யுங்கள். மூழ்கச் செய்யும் வழியை ஆராயும் முன், எழச் செய்யும் வழி பழுதின்றி வேலை செய்கின்றதா என்று பாருங்கள். கருவியை வேண்டுமென்றே அணைத்து விட்டு, கலம் தானாகவே மேலே வருகின்றதா என்று பத்து முறையேனும் சோதியுங்கள். பத்து முறையும் அது தவறாமல் எழுந்தால், பதினோராவது முறை அதனைக் குளத்தில் விடலாம்.