சட்டைப் பையில் ஒரு காமிரா

திருப்பூரில் நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் இல்லத்துக்குச் சில வாரங்களுக்கு முன் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தோம். அவளுடைய அப்பத்தா காலமாகிப் பத்து நாட்கள் ஆகியிருந்தன. கூடத்துச் சுவரில் மாலை சூட்டிய படம் ஒன்று இருந்தது. ஆதார் அட்டையில் நகமளவே இருந்த முகத்தை ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும் புள்ளிகள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

"அப்பத்தா எப்பவும் சிரிச்சுட்டேதான் சார் இருப்பாங்க. இதுல கோவமா இருக்கறாப்ல இருக்குதுங்க" என்றாள் அந்தப் பெண்.

அந்த வீட்டில் செல்போன்கள் மூன்று உண்டு. படங்களுக்கும் குறைவில்லை. ஆனால் அப்பத்தாவின் நல்ல படங்கள் இருந்த போன், தகப்பனார் தையல் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கீழே விழுந்து உடைந்து போயிற்று. எஞ்சியவையெல்லாம் டியூப் லைட் வெளிச்சத்தில் ஆடி அசைந்து மங்கிப் போனவை. "ஒரு சின்னக் காமிரா வாங்கிப் போட்டா நல்லதுங்களா சார்?" என்று அவர் கேட்டார். உடனே பதில் சொல்ல நமக்குத் தெரியவில்லை. ஆகவே நண்பரிடம் அத்தகைய டிஜிட்டல் காமிரா ஒன்றை இரவல் வாங்கி, ஒரு மாத காலம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தோம். நாம் கண்டறிந்ததை நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் சிறிது சரித்திரம். 1900 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி 'பிரௌனி' என்னும் பெட்டிக் காமிராவை ஒரு டாலருக்கு விற்று, படம் பிடிப்பதைச் சாமானியர் வீட்டு விஷயமாக்கிற்று. அதே கம்பெனியின் ஸ்டீவன் சாஸன் என்னும் பொறியியலார் 1975 இல் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். அதில் ஒரு படத்துக்குப் பத்தாயிரம் புள்ளிகள்தாம். ஒரு படத்தை நாடாவில் பதிக்க 23 விநாடிகள் பிடித்தன. அந்தக் குழந்தை வளர்ந்து உலகை ஆண்டது. பிறகு செல்போன் வந்து அதன் சிம்மாசனத்தைப் பறித்தது. ஜப்பானியக் கம்பெனிகள் 2010 ஆம் ஆண்டில் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கும் மேல்; 2023 இல் 80 லட்சத்துக்கும் குறைவு. இவ்வளவு பேர் கைவிட்ட பண்டத்தை நாம் ஏன் விசாரிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கைவிட்டதெல்லாம் பயனற்றது என்று கொள்வது விவேகமன்று.

நிற்க. கடைக்காரர் நம்மிடம் முதலில் சொல்வது 'மெகாபிக்ஸல்' கணக்கு. ஒரு மெகாபிக்ஸல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் அச்சுப் படம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். நான்கு அங்குலத்துக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 1200-ஐ 1800-ஆல் பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். அதாவது இரண்டு மெகாபிக்ஸலுக்குச் சற்று அதிகம். சுவரில் மாட்டும் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் படத்துக்கும் ஒன்பது மெகாபிக்ஸல் தாராளமாகப் போதும். ஆகையால் இருபதா, ஐம்பதா என்ற விவாதம் நமது குடும்பங்களுக்கு அநாவசியம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் தகடு எவ்வளவு பெரியது? மழைநீரைப் பிடிக்கத் தம்ளர் வைத்தவனுக்கும் அண்டா வைத்தவனுக்கும் உள்ள வித்தியாசமே இங்கும். மலிவான சிறு காமிராக்களில் பெரும்பாலானவற்றின் தகடு சுமார் 6 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். 'ஓர் அங்குலத் தகடு' என்று சொல்லப்படுவது, பெயருக்கு ஏற்ப ஓர் அங்குலம் இல்லாவிடினும், 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர் உள்ளது. பரப்பளவில் முன்னதைப் போல நான்கு மடங்கு. 2012 இல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ்.100 இந்த வகைக்குப் பெயர் பெற்றது. பாட்டரியோடு அதன் எடை 240 கிராம். சட்டைப் பை தாங்கும். நாம் இரவல் வாங்கியதும் ஓர் அங்குல வகையே.

பகல் வெளிச்சத்தில் செல்போனுக்கும் இதற்கும் பெரிய பேதம் காணவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நொய்யல் பாலத்திலும் அவிநாசிக் கோயில் கோபுரத்தடியிலும் எடுத்த படங்களில் எது எதனுடையது என்று வீட்டாரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போதாததற்கு, நம் கொங்கு நாட்டு வெயிலில் காமிராவின் திரையே கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரமும் இந்த வகையில் பலவற்றுக்குக் கிடையாது.

இரவில்தான் கதை மாறுகிறது. செல்போன் இருட்டில் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. அசையாத குத்துவிளக்குக்கு அது சரி. தவழும் குழந்தைக்கும் சிரிக்கும் கிழவிக்கும் சரிப்படாது. காமிராவில் விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் என்று நாமே நிர்ணயித்துக்கொள்ளலாம். நமது மின்சாரத்தில் விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மினுக்குவதால் இந்த அளவு இன்னொரு வகையிலும் நன்மை தருகிறது. இதைவிட மிகக் குறுகிய நேரம் வைத்தால் சில விளக்குகளின் கீழ் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும்.

தூரத்தை அருகே இழுக்கும் வித்தையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முன் சொன்ன ஆர்.எக்ஸ்.100 இல் காட்சியை முழுதும் இழுத்தால், லென்ஸ் வாங்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து மகளின் நடனத்தைப் பிடிக்க எண்ணும் தந்தையார், காமிராவை நம்புவதைவிட நேரத்தோடு வந்து முன் வரிசையில் இடம் பிடிப்பது மேல்.

நம் ஊருக்கென்றே உள்ள தொல்லை பஞ்சுத் தூசி. இந்தக் காமிராக்களின் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே சுருங்குவது. ஒவ்வொரு முறையும் தூசியை உள்ளே இழுத்துக்கொள்ள இடமுண்டு. நிட்டிங் மெஷின்கள் ஓடும் இடத்தில் அதைத் திறக்கலாகாது. திருப்பூரில் எதைத் துடைக்கவும் கைக்கு அகப்படுவது பனியன் வேஸ்ட். ஆனால் அதில் மெஷின் எண்ணெயும் மணலும் இருக்கக்கூடும். லென்ஸை அதனால் துடைத்தால் கீறல் நிச்சயம். காற்றூதும் சிறு ரப்பர்க் குமிழும் சுத்தமான மெல்லிய துணியுமே உகந்தவை.

அந்நிய ஆட்சியின் தடியடிக்கு இரையாகி, 1932 ஜனவரி 11 ஆம் தேதி உயிர் நீத்த கொடி காத்த குமரனின் ஊரில் இருந்துகொண்டு, 'இது சுதேசிப் பண்டமா?' என்று கேளாமல் இருக்க முடியுமா? ஒரு காலத்தில் நமக்குப் பெருமைப்பட இடமிருந்தது. 1960 இல் அமைக்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை, 1967 முதல் உதகமண்டலத்தில் 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பிற்று. டிஜிட்டல் வெள்ளத்தில் அது நிற்கவில்லை. இன்று நம் கடைகளில் காணும் சிறு காமிராக்கள் அந்நியக் கம்பெனிகளின் பெயர்களையே தாங்கி வருகின்றன. உலகத்துக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் ஊர், அந்தச் சட்டைப் பையில் வைக்கும் காமிராவுக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பது சிந்திக்கத் தக்கது.

முடிவாக நமது அபிப்பிராயம் இது. வெயிலில் எடுத்து உடனே உறவினருக்கு அனுப்புவதற்குச் செல்போனே போதும். காமிராவுக்குப் பணம் செலவிட வேண்டாம். வீட்டுக்குள் குழந்தைகளையும் பெரியவர்களையும் இயல்பாகப் பிடிக்க வேண்டும், அதைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்றால், ஓர் அங்குலத் தகடுள்ள பழைய காமிரா ஒன்றைப் பரீட்சித்து வாங்குவது நலம். கடன் வாங்கிப் புதிது வாங்க வேண்டியதில்லை.

ஆனால் எந்தக் கருவியாயினும் அதன் உள்ளேயே கிடக்கும் படம் பாதிப் படந்தான். அந்த வீட்டில் உடைந்தது போன் மட்டுமல்ல; வேறு பிரதி இல்லாத முகமும் அதனோடு போயிற்று. மாதம் ஒரு முறை படங்களை இன்னோர் இடத்தில் பிரதி செய்து வையுங்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டையாவது காகிதத்தில் அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். பின்புறம் பெயரும் தேதியும் எழுதுங்கள்.

காமிராவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முதல் நாள் மாலை அந்த மாணவியின் வீட்டுக்கு மறுபடியும் போனோம். அவளுடைய அப்பாரு, அதாவது பாட்டனார், வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "எனக்கெதுக்குங்க சார் போட்டோ?" என்று கூச்சத்துடன் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியுமுன் பொத்தானை அழுத்தினோம். மறுநாள் எட்டுக்குப் பன்னிரண்டில் அச்சிட்டு, பின்புறம் தேதி எழுதிக் கொடுத்தோம். மாலையின்றி மாட்டப்பட்டிருக்கும் அந்தப் படம் இன்னும் நெடுங்காலம் அப்படியே இருக்கட்டும்.